மீன்தொட்டி கேள்வி–பதில்: கிணற்றுத் தண்ணியும் காஸும்

போன இதழில் மீனோடு நீர்ச்செடியும் வளர்க்கிற செடித் தொட்டியைப் பற்றி நாலு வரி எழுதப் போய், இந்த முறை வந்த கடிதங்களில் முக்காற்பங்கு, செடி வளரத் தண்ணிக்குள் விடுகிற காபனீரொட்சைட்டைப் பற்றியே. எல்லாரும் அதைக் "காஸ்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படியே எழுதுகிறேன், அவ்வளவு நீளமான பெயரை வரிக்கு வரி எழுத எனக்கும் கை வலிக்கும்.

கொக்குவிலிலிருந்து ஒரு வாசகர்: அண்ணை, 60 லீற்றர் தொட்டி, சிலிண்டர் பூட்டி மூன்று கிழமை. பீஎச் (தண்ணியின் புளிப்பைக் காட்டும் இலக்கம், இறங்க இறங்கப் புளிப்பு கூடும்) 6.6-க்கு வந்தால்தான் காஸ் காணும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். என்னுடையது 8.1-இல் இருந்து 7.2 வரைக்கும் லேசாக இறங்கியது, அதற்குக் கீழே வரமாட்டேன் என்றது. கூட்டிக் கூட்டி 6.7-க்குக் கொண்டு வந்த அன்று பின்னேரம் கப்பி மீன் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது, ஒன்பது மீன் போய்விட்டது. கேஎச் (தண்ணியில் கரைந்திருக்கிற இருகாபனேற்றின் அளவு) சோதித்தால் 14. எங்கள் கிணற்றுத் தண்ணியின் கடினத்தன்மை காஸைக் கரைய விடவில்லையா?

இல்லைத் தம்பி, காஸ் கரைந்தது, அளவுக்கு மிஞ்சிக் கரைந்ததால்தான் மீன் போனது. கிணற்றுத் தண்ணியை விடுங்கள், பழி அந்த 6.6-க்குத்தான்.

ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, இதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். பீஎச் சரியாக 7-இல் நிற்கும்போது கேஎச்சை மூன்றால் பெருக்கினால் ஒரு லீற்றரில் எத்தனை மில்லிகிராம் காஸ் கரைந்திருக்கிறது என்று கிட்டத்தட்டத் தெரியும். அதிலிருந்து பீஎச் 0.3 இறங்கினால் காஸ் இரட்டிப்பு, 0.3 ஏறினால் பாதி. உங்கள் கேஎச் 14, அப்போ பீஎச் 7-இல் 42. நீங்கள் "இறங்க மாட்டேன் என்கிறது" என்று சொன்ன 7.2-இலேயே 26 மில்லிகிராம் இருந்திருக்கிறது! செடித் தொட்டிக்காரர் பொதுவாகத் தேடுவதே 20 முதல் 30 வரைதான். அதாவது வேலை அங்கேயே முடிந்துவிட்டது, நீங்கள் அதைத் தாண்டி 6.7 வரைக்கும் துரத்திப் போய் 84-இல் மீனை விட்டிருக்கிறீர்கள். அந்த வீடியோக்காரருடைய தண்ணியில் கேஎச் 4 ஆக இருந்திருக்கும், அதற்கு 6.6 என்றால் 30 மில்லிகிராம், அவருக்கு அது சரி. அவருடைய இலக்கத்தை எங்கள் கிணற்றில் போட்டால் நூறைத் தாண்டும்.

யாழ்ப்பாணத்துத் தண்ணி ஏன் இப்படி என்பதிலும் காஸுக்குத்தான் பங்கு, அதையும் சொல்லிவிடுகிறேன். மழைத்தண்ணி மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடுகிற காபனீரொட்சைட்டை வாங்கிக்கொண்டு போகிறது, அந்தப் புளிப்புத் தண்ணி கீழே கிடக்கிற சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து இருகாபனேற்றாகத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அப்படிக் கரைந்து துளை விழுந்த கல்லின் வேலைதான். அதே தண்ணியைக் கேத்தலில் கொதிக்க வைத்தால் காஸ் பறந்துபோய்ச் சுண்ணாம்பு திரும்பவும் கல்லாகி அடியில் வெள்ளையாகப் பிடிக்கும். வீட்டுக் கேத்தலைத் திறந்து பாருங்கள், உங்கள் கேஎச் அங்கே எழுதிக் கிடக்கிறது.

கடினத் தண்ணி காஸ் கரைவதைக் குறைப்பதில்லை. கரைகிற அளவை முடிவு செய்வது வெப்பமும் அழுத்தமும். தண்ணியில் இருகாபனேற்று கூட இருந்தால் பீஎச் கெதியாய் இறங்காது, அவ்வளவுதான்.

பீஎச் கணக்குப் பிடிக்காதென்றால் சொட்டுக்காட்டி என்று ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் விற்கிறார்கள், தொட்டிக்குள் ஒட்டி வைப்பது. அதற்குள் கேஎச் 4 கரைசலும் நிறங்காட்டிச் சொட்டும்: நீலம் என்றால் காஸ் குறைவு, பச்சை என்றால் 30-க்குக் கிட்ட, மஞ்சள் என்றால் உடனே குறையுங்கள். நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் எடுக்கும், அதனால் பார்த்துப் பார்த்துத் திருகாமல் ஆறுதலாக இருங்கள். உள்ளே தொட்டித் தண்ணியை ஊற்றுகிற பழக்கம் சிலருக்கு உண்டு, எங்கள் தண்ணியை ஊற்றினால் தொட்டியில் காஸ் அளவுக்கு மிஞ்சினாலும் அது மஞ்சளாகாமல் நின்று பொய் சொல்லும். மரக்கட்டை, உக்கிய இலை போட்டுப் பிற அமிலம் சேர்ந்த தொட்டியில் பீஎச் கணக்கும் பொய்யாகும், அங்கே சொட்டுக்காட்டியையே நம்புங்கள்.

இனிமேல் மீன் மேலே வந்து மூச்சுக்குத் திணறினால் முதலில் காஸை நிறுத்தி எயார் பம்பைப் போடுங்கள், பிறகு முந்தின நாளே பிடித்து வைத்த தண்ணியால் பாதியை மாற்றுங்கள். அப்போதே கிணற்றில் அள்ளி ஊற்ற வேண்டாம், நிலத்தடித் தண்ணி வெளியே வரும்போதே கொஞ்சம் காஸோடுதான் வரும்.

சுன்னாகத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: சீனியும் ஈஸ்டும் போட்டுக் காஸ் எடுக்கலாம் என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் கள்ளுக்குப் பஞ்சமில்லை. கள்ளையே போத்தலில் அடைத்தால் என்ன?

ஐயா, கேள்வி நியாயமானது. முட்டியில் நுரைத்துத் தள்ளுவதும் இதே காஸ்தான். சீனியை ஈஸ்ட் தின்று மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிக்கிறது, புளிக்காமல் இறக்குகிற கருப்பநீருக்கு முட்டியில் சுண்ணாம்பு பூசுவதே அந்த ஈஸ்டுக்கு வேலை கொடுக்காமல் இருக்கத்தான். ஆனால் கள்ளு மரத்திலிருந்து இறங்கும்போதே பாதி புளித்துவிட்டது, உங்கள் தொட்டிக்குப் போகவேண்டிய காஸில் நல்ல பங்கு பனை உச்சியிலேயே போய்விட்டது. அதோடு ஈஸ்ட் தவிர வேறு நுண்ணுயிர்களும் அதற்குள் கிடக்கும், இன்றைக்கு வருகிற குமிழ் நாளைக்கு வருமா என்று சொல்ல முடியாது. கள்ளைக் குடிக்கிறவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

1.5 லீற்றர் சோடாப் போத்தலில் 200 கிராம் சீனி, முக்கால் போத்தல் இளஞ்சூட்டுத் தண்ணி, கால் தேக்கரண்டிக்கும் குறைவான ஈஸ்ட். புளிப்பு ஏறி ஈஸ்ட் சோர்ந்து போகாமல் இருக்க ஒரு சிட்டிகை அப்பச்சோடா. குளிர்நாட்டுக்காரர் எழுதுகிற அளவுக்கு ஈஸ்ட் போடாதீர்கள், எங்கள் வெக்கைக்கு இரண்டு நாளில் எல்லாக் காஸும் பொங்கி வந்து பேந்து ஒன்றுமில்லை. 200 கிராம் சீனி முழுதும் நொதித்தாலும் 100 கிராம் அளவு காஸ்தான் வரும், அதை இரண்டு கிழமைக்கு இழுக்க வேண்டும். கண்ணாடிப் போத்தல் வேண்டவே வேண்டாம், அடைபட்டால் வெடிக்கும். சோடா வந்த பிளாஸ்டிக் போத்தல் அழுத்தம் தாங்கும், தண்ணிப் போத்தல் தாங்காது.

போத்தலுக்கும் தொட்டிக்கும் நடுவில் கால்வாசி தண்ணி விட்ட இன்னொரு சின்னப் போத்தல் கட்டாயம். நான் முதன்முதல் செய்தபோது அதை மிச்சம் பிடித்தேன். ஒரு மத்தியானம் நுரை பொங்கிக் குழாய் வழியே தொட்டிக்குள் இறங்கிவிட்டது, வேலையால் வந்து பார்த்தால் தொட்டி தேங்காய்ப்பால் மாதிரி, வீடு முழுக்கத் தவறணை மணம். மனுசி இன்றைக்கும் விருந்தாளிகளுக்கு அந்தக் கதையைச் சொல்லிக் காட்டுவாள்.

சித்திரிக்கமிலமும் அப்பச்சோடாவும் கலக்கிற முறை இதைவிடத் துப்புரவு, வால்வால் பூட்டவும் முடியும். இரண்டிலும் 200 கிராம் போட்டால் ஏறத்தாழ அதே 100 கிராம் காஸ் கிடைக்கும். அமிலத்துக்குத்தான் கொஞ்சம் காசு.

நல்லூரிலிருந்து ஒரு மாணவி: போத்தல் ரெடி, குமிழும் வருகிறது. ஆனால் குழாய் நுனியிலிருந்து பெரிய குமிழாக வந்து நேரே மேலே போய் உடைகிறது. குமிழைப் பொடியாக்கிக் கரைக்கிற டிபியூசர் வாங்க இப்போதைக்கு வசதியில்லை.

தங்கச்சி, எல்லாரும் காஸ் எடுக்கிறதைப் பற்றித்தான் மண்டையை உடைக்கிறார்கள், கரைக்கிறதைப் பற்றிக் கேட்டது நீங்கள் ஒருவர்தான். மேலே போய் உடைகிற குமிழ் தொட்டிக்குப் பிரயோசனமில்லை. நிறைய மேற்பரப்பு, நிறைய நேரம், இந்த இரண்டையும் கொடுக்கிற எதுவும் டிபியூசர்தான்.

யோகட் கப் ஒன்றைக் கழுவி எடுங்கள், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் என்றால் நல்லது. தொட்டிக்குள் அமிழ்த்தித் தண்ணி நிரப்பி, வாய் கீழே பார்க்கக் கவிழ்த்து, உறிஞ்சு ரப்பரால் கண்ணாடியில் ஒட்டுங்கள். குழாய் நுனியை அதற்குக் கீழே விடுங்கள். காஸ் கப்புக்குள் ஏறித் தண்ணியைக் கீழே தள்ளிக்கொண்டு நிற்கும், எங்கேயும் ஓட முடியாது, தண்ணி தொடுகிற அந்த வட்டத்தின் வழியே கரைந்துதான் ஆக வேண்டும். விடிய கப் நிறையக் காஸை விட்டுக் குழாயை இழுத்துவிட்டு, மார்க்கர் பேனையால் கண்ணாடியில் ஒரு கோடு போடுங்கள். பின்னேரம் பார்த்தால் தண்ணி கோட்டுக்கு மேலே ஏறியிருக்கும், அந்த இடைவெளிதான் கரைந்த காஸ். இதைவிடச் செலவில்லாத அளவுகோல் எனக்குத் தெரியாது.

அகலமான கப் உயரமான கப்பைவிட நல்லது, கரைகிறது வாய்ப் பக்கத்தால்தானே. பில்ற்றர் தண்ணி அதற்குக் கீழே ஓடுகிற இடத்தில் வைத்தால் இன்னும் கெதி, ஏனென்றால் காற்றில் பரவுகிறதைவிடத் தண்ணிக்குள் இந்தக் காஸ் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும், ஓட்டம் இல்லாவிட்டால் கப்புக்குக் கீழேயே தேங்கி நிற்கும். இரண்டு மூன்று நாளைக்கொரு தடவை கப்பைச் சரித்து மிச்சத்தை வெளியே விடுங்கள். தண்ணியிலிருந்து நைதரசனும் ஒட்சிசனும் உள்ளே வந்து சேரும், பார்க்கக் காஸ் நிறைய இருக்கிற மாதிரி இருக்கும், உண்மையில் அது வெறும் காற்று.

பில்ற்றர் தண்ணி இழுக்கிற வாயில் குழாயைச் செருகி விடுவது அடுத்த வழி. உள்ளே சுழல்கிறது குமிழை நொறுக்கி வெளியே புகை மாதிரித் தள்ளும். காஸ் கூடினால் பில்ற்றர் கொறகொற என்று சத்தம் போடும், கூட விட்டால் காற்றுப் பிடித்து நின்றே போகும்.

மானிப்பாய் வாசகர்: பீங்கான் தட்டு டிபியூசர் வாங்கினேன். சீனிப் போத்தலில் பூட்டினால் குமிழே இல்லை. நண்பரின் சிலிண்டரில் பூட்டினால் இரண்டு மாதம் நன்றாக வேலை செய்து பிறகு அடைத்துக்கொண்டது.

சீனிப் போத்தலுக்கு அந்தத் தட்டு பாரம். தட்டின் நுண்துளையைத் தாண்டவே நல்ல அழுத்தம் வேண்டும், அது சேருமுன் உங்கள் மூடியிலோ குழாய் இணைப்பிலோ எங்கேயாவது கசிந்துவிடும். மரத்தில் செய்த காற்றுக்கல் போடுங்கள், அல்லது மேலே சொன்ன கப். இணைப்புகளில் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். மென்மையான சிலிக்கோன் குழாய் வழியே இந்தக் காஸ் கொஞ்சம் கொஞ்சமாய் வெளியேறும், கொஞ்சம் விறைப்பான குழாய் நல்லது.

சிலிண்டரில் அடைத்தது பாசியாலோ சுண்ணாம்பாலோ. பச்சையாய் இருந்தால் ஐதாக்கிய பிளீச்சில், வெள்ளையாய் இருந்தால் வினாகிரியில் ஊற வைத்துக் கழுவுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம், குளோரின் கிளம்பும், விளையாட்டில்லை.

தட்டை எங்கே வைக்கிறீர்கள் என்றும் பாருங்கள். அடியோடு அடியாக, பில்ற்றர் தண்ணி கீழே அடிக்கிற இடத்தில் இருக்க வேண்டும். முக்கால் உயரத்தில் வைத்தால் குமிழ் இரண்டு செக்கனில் மேலே போய்விடும்.

சாவகச்சேரி வாசகர்: எயார் பம்பும் காஸும் ஒன்றாகப் போடலாமா? இரவில் என்ன செய்வது? கரண்ட் போனால்?

வெளிச்சம் எரியும்போது எயார் பம்ப் போட்டால் ஒரு பக்கம் ஊற்றி மறுபக்கம் இறைக்கிற வேலை. காஸ் விடாத தொட்டியில் காற்றோடு சமநிலையில் நிற்கிற காபனீரொட்சைட்டு லீற்றருக்கு ஒரு மில்லிகிராமும் வராது. நீங்கள் அதை 30-க்கு ஏற்றி வைத்திருக்கிறீர்கள், மேற்பரப்பைக் கலக்கக் கலக்க அது கீழே வரத்தான் பார்க்கும். அதற்காகத் தண்ணியை அசையாமலும் வைக்காதீர்கள், மேலே எண்ணெய்ப் படலம் பிடித்தால் ஒட்சிசன் இறங்காது. மேற்பரப்பு லேசாக நெளிந்தால் போதும். காஸ் கூடினால் ஒட்சிசன் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை, இரண்டும் ஒரே தண்ணியில் நிறைவாக இருக்கலாம். காஸ் கூடினால் மீனின் இரத்தத்திலிருந்து காபனீரொட்சைட்டு வெளியேற முடிவதில்லை, அதுதான் திணறல்.

வெளிச்சத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னே காஸைத் திறந்து, வெளிச்சம் அணைக்க ஒரு மணி நேரம் முன்னே பூட்டுங்கள். சிலிண்டரில் கரண்டில் திறக்கிற சொலினோயிட் வால்வும் டைமரும் இதைச் செய்யும், கரண்ட் போனால் தானே பூட்டிக்கொள்ளும். சீனிப் போத்தலுக்குக் கரண்ட் இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். 2022-இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டிய காலத்தில் பில்ற்றர் நிற்கும், போத்தல் மட்டும் ஊதிக்கொண்டே இருக்கும். நான் அந்த நேரம் குழாயைத் தொட்டியிலிருந்து எடுத்து வெளியே தொங்கவிடுவேன். இரவிலும் அதுதான் வழி, அல்லது எயார் பம்பை இரவுக்கு மட்டும் டைமரில் போடுங்கள்.

காரைநகர் வாசகர்: கசூரினாப் பக்கம் பொறுக்கிய முருகைக்கல்லும் சிப்பியும் தொட்டியில் வடிவாக இருக்கிறது. வைக்கலாமா?

வடிவுதான். ஆனால் அதுவும் சுண்ணாம்பு, காஸ் விடுகிற தொட்டியில் மேலே சொன்ன மழைத்தண்ணிக் கதையே உங்கள் வீட்டுக்குள் நடக்கும்: கல் கரையும், கேஎச் கிழமைக்குக் கிழமை ஏறும், பீஎச் கணக்கு பிடிபடாது. எடுத்து அலுமாரியில் வையுங்கள். கடற்கரையில் முருகைக்கல்லைப் பொறுக்காமல் விடுவது இன்னும் நல்லது.

இன்னும் ஒருவர் (ஊர் எழுதவில்லை): சோடா ஊற்றினால் காணாதா? கடையில் "திரவக் காபன்" என்று விற்பது இதுதானா?

வெறும் சோடாவில் லீற்றருக்கு 6, 7 கிராம் காஸ் இருக்கும். 60 லீற்றர் தொட்டியை 30-க்கு ஏற்றக் கிட்டத்தட்ட 300 மில்லிலீற்றர் ஊற்ற வேண்டும், நாள் தவறாமல், அதுவும் பின்னேரத்துக்குள் பறந்துவிடும். பால்மாப் பேணி அளவுத் தொட்டிக்கு என்றால் ஒரு பகிடிக்குச் செய்து பார்க்கலாம். இனிப்புச் சோடா வேண்டாம்.

திரவக் காபன் என்று விற்பதில் பெரும்பாலும் இருப்பது குளூற்றரல்டிகைட்டு, கிருமிநாசினி. பாசியைக் கொல்லும், வலிஸ்னேரியாச் செடியையும் சேர்த்துக் கரைத்துவிடும். கையில் படாமல் பாருங்கள்.

பருத்தித்துறை வாசகர்: 2 கிலோ சிலிண்டர், நான்கு மாதமாக அழுத்தமானி முள் அசையவே இல்லை. பழுதா? வெளி விறாந்தையில்தான் வைத்திருக்கிறேன்.

பழுதில்லை. உள்ளே காஸ் திரவமாகக் கிடக்கிறது, திரவம் இருக்கும்வரை அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பம்தான்: 20 பாகையில் 57 பார் அளவு, எங்கள் 30 பாகையில் 70-ஐத் தாண்டும். கடைசிச் சொட்டுத் திரவமும் ஆவியான பிறகுதான் முள் இறங்கத் தொடங்கும், தொடங்கினால் கெதியாய் விழும். எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமென்றால் தராசில் வையுங்கள், வெறும் சிலிண்டரின் நிறை கழுத்தில் அடித்திருக்கும். முள் விழத் தொடங்கியதும் நிரப்பக் கொடுங்கள், அழுத்தத்தைக் குறைத்து விடுகிற றெகுலேற்றர்களில் சில மலிவானவை அந்த நேரத்தில் மிச்சக் காஸைக் கட்டுப்பாடில்லாமல் விட்டுவிடும்.

விறாந்தையில் வெயில் படுமா? 31 பாகைக்கு மேலே போனால் இந்தக் காஸ் திரவமாகவே நிற்காது, அழுத்தம் மளமளவென்று ஏறும். சித்திரை வெயிலில் அது சாதாரணம். நிழலுக்குக் கொண்டு போங்கள், நிமிர்த்திச் சுவரோடு கட்டுங்கள், படுக்க வைத்தால் திரவம் றெகுலேற்றருக்குள் போகும். பூட்டிய சின்ன அறைக்குள்ளும் வைக்க வேண்டாம், கசிந்தால் காற்றைவிடப் பாரமான காஸ் தரையோடு தேங்கும்.

திருநெல்வேலி வாசகி: இவ்வளவும் வாசித்தால் பயமாக இருக்கிறது. காஸ் இல்லாமல் செடி வளர்க்கவே ஏலாதா?

வடிவாக ஏலும் அக்கா. என் வீட்டில் மூன்று தொட்டி, காஸ் ஒன்றுக்குத்தான். வலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும் காஸ் கிடைக்காவிட்டால் தண்ணியிலுள்ள இருகாபனேற்றையே உடைத்துக் காபன் எடுக்கும், அது எங்கள் கிணற்றில் வேண்டிய மட்டும் கிடக்கிறது. அப்படி எடுக்கும்போது இலையில் வெள்ளையாய்ச் சுண்ணாம்பு படியும், நோய் என்று பயந்து பிடுங்காதீர்கள், விரலால் உரசினால் மணல் மாதிரி வரும். கிரிப்டோகோரைன் வெண்டி என்பது இலங்கைக்கே உரிய செடி, ஆற்றங்கரை நிழலில் வளர்வது, குறைந்த வெளிச்சத்தில் காஸ் இல்லாமல் ஆறுதலாக வளரும். நட்ட முதல் கிழமையில் இலை எல்லாம் கரைந்து விழலாம், கிழங்கை அப்படியே விடுங்கள், புதிது வரும்.

காஸ் இல்லாத தொட்டிக்கு வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள், ஆறு மணி நேரம் காணும். யன்னலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் உள்ளுக்குத் தள்ளுங்கள்.